பாட்டுக் கேட்கப் போன மாலை வகுப்பு

சென்னையில் மார்கழி பிறந்துவிட்டால் நாளிதழ்கள் இசைவிழாச் செய்திகளால் நிறைந்துவிடும். எந்த அரங்கில் எவர் பாடுகிறார், எந்த இராகத்தை எவ்வளவு நேரம் விரித்துப் பாடினார், எந்த அரங்கின் சிற்றுண்டிச்சாலையில் என்ன சுவையாக இருந்தது என்பது வரை விவரமாக வெளிவரும். 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையை இசை நகரமாகச் சேர்த்துக்கொண்டது. நாம் அனைவரும் பெருமைப்பட வேண்டிய செய்தியே அது. ஆயினும் அந்த இசை நகரத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் வினா நம் உள்ளத்தில் நெடுநாளாக உண்டு. நாம் பங்குப் பணியாற்றும் வியாசர்பாடியும் சென்னை மாநகரைச் சேர்ந்ததே. ஆனால் இங்கே மார்கழி என்றால் விடியற்பனியும், கொசுத் தொல்லையும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வாசலில் தொங்கும் காகித நட்சத்திரமுந்தான். இசைவிழா என்பது நாளிதழில் மட்டும் நடக்கும் ஒன்று.

நம் பங்கில் ஒரு மாலை வகுப்பு நடைபெற்று வருகிறது. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரை மணிக்கு முடியும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். துறைமுகத்திலும் கிடங்குகளிலும் சுமை தூக்குவோர், வண்ணம் பூசுவோர், ஆட்டோ ஓட்டுவோர், பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய்மார் ஆகியோரின் பிள்ளைகள் இவர்கள். கிறிஸ்தவர், இந்து, இசுலாமியர் என்ற வேறுபாடு இவ்வகுப்பில் இல்லை. ஓரறை வீட்டில் ஐவரும் அறுவரும் வாழும்போது, படிக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு விளக்கும் சிறிது அமைதியுமே. அவ்விரண்டையும் கொடுப்பதே இவ்வகுப்பின் தொடக்க நோக்கம். கணக்கும் ஆங்கிலமும் அதற்குப் பின்னரே வந்தன. வெள்ளிக்கிழமைகளில் கடைசி ஒரு மணி நேரம் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகள் கேட்கும் வினாக்களுக்கு விடை தேடுவது வழக்கம்.

அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமையில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “ஃபாதர், கர்நாடக இசைன்னா கர்நாடகாவுல பாடுற பாட்டா?” என்று கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு விடை தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அன்று பாடம் நடத்த வந்திருந்த கல்லூரி மாணவி தன் கைபேசியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தாள். மூன்று நிமிடம் சென்றது. “சாமி பாட்டு” என்றான் ஒருவன். “பணக்காரங்க பாட்டு” என்றான் இன்னொருவன். முதல் விடையைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. இரண்டாம் விடை நெஞ்சில் தைத்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு பாட்டைப் பிடிக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொல்லலாம். அது இன்னாருக்கு உரியது, தனக்கு உரியதன்று என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அன்றே, இவர்களை ஒரு கச்சேரிக்கு அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தோம்.

எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. துறைமுகத்தில் சுமை தூக்கும் ஒரு தந்தை நேரே வந்து, “புள்ள படிச்சு வேலைக்குப் போவணும்னுதான் நாங்க மூட்டை தூக்குறோம். பாட்டு கேட்டா மார்க் வருமா ஃபாதர்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு உடனே சொல்ல நம்மிடம் விடை இல்லை. “வந்து சொல்கிறோம்” என்று மட்டும் சொன்னோம். பங்கின் பெரியவர் ஒருவரோ வேறு விதமாக ஐயுற்றார். “அது அவங்க கோயில் பாட்டாச்சே, நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு சுவாமி?” என்றார்.

அப்பெரியவருக்கு நாம் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லுதல் நலம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் தமிழின் முதல் புதினத்தை எழுதியவர் அவரே. அவர் இயற்றிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்கவை. சமயம் கடந்து இன்றும் கச்சேரி மேடைகளில் அவை பாடப்படுகின்றன. தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை ஆராய்ந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்று பணிக்கிறது. நம் முன்னோர் கை நீட்டி வாங்கிய செல்வத்தை நாம் ஏன் வேண்டாம் எனத் தள்ள வேண்டும்? பெரியவர் தலையசைத்தார். அவருடைய பேரனும் எங்களோடு வந்தான்.

ஆயினும் நம் மனத்தில் ஓர் அச்சம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நகரின் ஓர் அரங்குக்கு இளைஞர் நால்வரை அழைத்துச் சென்றிருந்தோம். அவர்கள் கையில் நுழைவுச் சீட்டு இருந்தது. தூய ஆடையே அணிந்திருந்தார்கள். வாயிலில் நின்றவர் அவர்களை நிறுத்தி, “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார். பின்னால் வந்த வேறு எவரிடமும் அவர் அப்படிக் கேட்கவில்லை. சீட்டைக் காட்டியதும் விலகி வழிவிட்டார். கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தும் அந்த நால்வரும் மறுமுறை வர மறுத்துவிட்டனர். ஒரு கேள்வியே போதும், திறந்திருக்கும் கதவைச் சாத்துவதற்கு. பெரியவர்களான அவர்களுக்கே அப்படியென்றால், இச்சிறு பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

ஆகவே புறப்படும் முன் நான்கு வெள்ளிக்கிழமைகளைத் தயாரிப்புக்கு ஒதுக்கினோம். முதலில் அவர்கள் அறிய வேண்டியது, இந்த இசை அவர்களுடைய மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதே. வியாசர்பாடிக்கு வடக்கே உள்ள மணலியை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் உள்ள இடமாகவே நம் பிள்ளைகள் அறிவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணலியில் வாழ்ந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதர் தம் மக்களோடு அங்கே தங்கியிருந்தார். இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் அவர் மகனே. அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியர் வாசித்த பாண்டு இசை அவ்விளைஞர்களின் செவியில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்கு இசைவாக வாசிக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. அந்த வயலின் கர்நாடக இசைக்குள் நுழைந்த வழி மணலி வழியே என்று சொன்னபோது, “மணலியா?” என்று பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டார்கள்.

திருவொற்றியூருக்குத் தியாகராசர் வந்திருக்கிறார். அங்குள்ள வடிவுடையம்மன் மீது அவர் பாடிய ஐந்து கிருதிகளைத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்பர். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தம் வீட்டில் வீணை வாசிக்க, நகரின் பெரும் இசைவாணர்களே அவ்வீட்டுக்கு வந்து அமர்ந்து கேட்டார்கள். அங்கும் வெள்ளிக்கிழமை மாலைதானா என்று நம் வெள்ளிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. பின்னர் காலம் மாறியது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. வசதி படைத்தோர் ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு பாட்டும் தெற்கே குடிபோயிற்று. வடக்கில் கிடங்குகளும் ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் பெருகின. இசை நம்மை வெறுத்துச் சென்றுவிடவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீடு மாற்றிக்கொண்டார்கள். இவ்வளவே வரலாறு.

அடுத்தபடியாகத் தாளம் போடக் கற்றோம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பின்னர் தட்டும் வீச்சும், மறுபடியும் தட்டும் வீச்சும். பிள்ளைகள் முதல் நாளில் விரலைத் தவறவிட்டுச் சிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஓர் இடத்திலும் தவறவில்லை. வேகத்தை இருமடங்காக்கினாலும் அவன் கை தடுமாறவில்லை. “எங்கேப்பா கற்றாய்?” என்று கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தந்தை காலமாகிவிட்டார். இறுதி ஊர்வலங்களில் மேளம் அடிக்கத் தாய்மாமனோடு செல்பவன் அவன். ஓர் ஊர்வலத்தில் அவனுக்குக் கிடைக்கும் பணம் அன்றே வீட்டில் அரிசியாகிவிடும். ஆதலால் வகுப்புக்கு வராத நாட்கள் பல. பள்ளியில் யாருக்கும் அவன் இதைச் சொன்னதில்லை. ‘சாவு மேளம்’ என்னும் பட்டப்பெயர் தனக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவன் அச்சம். படிப்பை நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும் அவனுக்கு இருந்ததைப் பின்னர் அறிந்தோம்.

செல்லும் இடமாகப் பாரிமுனை எஸ்பிளனேடில் உள்ள இராஜா அண்ணாமலை மன்றத்தைத் தேர்ந்தோம். நமக்கு அணித்தாக இருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. கச்சேரிகளில் தெலுங்கும் வடமொழியுமே ஓங்கி, தமிழ்ப் பாட்டுகள் இறுதியில் சில நிமிடங்களுக்கு ஒதுக்கப்பட்ட காலத்தில், தமிழ் மக்கள் தமிழில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று எழுந்தது தமிழிசை இயக்கம். அண்ணாமலை அரசர் அதற்கு முன்னின்றார். இராஜாஜி, கல்கி, ஆர். கே. சண்முகம் செட்டியார், இரசிகமணி டி. கே. சி. ஆகியோர் துணை நின்றனர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. அச்சங்கத்தின் இருப்பிடமே இம்மன்றம். பொருள் விளங்கும் பாட்டைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பிடிப்பு ஏற்படும் என்று எண்ணினோம்.

டிசம்பர் இறுதி, அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்து பிறப்பு விழாவும் கடந்திருந்தது. பிள்ளைகள் இருபத்திருவர், பெரியவர்கள் மூவர். பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் பெயரைத் தாங்கிய வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினோம். பெருநாளுக்கு எடுத்த புத்தாடையை அனைவரும் மீண்டும் உடுத்தியிருந்தார்கள். பேசின் பிரிட்ஜ் அருகே தொலைதூர வண்டிகளின் பெட்டிகள் கழுவித் துடைக்கப்படுவதற்காக வரிசையாக நின்றிருந்தன. “எங்கம்மா அந்த வண்டியில இருப்பாங்க!” என்று கூவி ஒரு சிறுமி சன்னல் வழியாகக் கையசைத்தாள். எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்குள் எங்கள் வண்டி கடந்துவிட்டது. அவள் மட்டும் நெடுநேரம் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

சென்ட்ரலில் இறங்கிப் பாரிமுனைப் பக்கம் நடந்தோம். மாலை நேர நெரிசலில் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் தெரிந்தன. 1892இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது என்று சொன்னோம். நீதிமன்றத்தின் உச்சியில் கப்பலுக்கு விளக்கா என்று துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் வியந்தார்கள். பேசிக்கொண்டே மன்றத்தின் வாயிலை அடைந்தோம். நம் நெஞ்சு சற்றே படபடத்தது. “யாரைப் பார்க்கணும்?” என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே ஒரு வரிசை முழுவதும் காலியாக இருந்தது. அமர்ந்தோம்.

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே முறை. முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் நெளிந்தார்கள். இருவர் தூங்கிவிட்டார்கள். ஒருவன் மும்முறை தண்ணீர் குடிக்கச் சென்றான். மேடையில் ஓர் இளம் பாடகி. வயலின், மிருதங்கம், கடம் ஆகியன பக்கத்துணை. இராகத்தை அவர் மெல்ல மெல்ல விரித்துச் சென்றபோது, “எப்ப ஃபாதர் பாட்டு ஆரம்பிக்கும்?” என்று காதருகே ஒரு குரல் கேட்டது. முன் வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்தார். கடிந்துகொள்வாரோ என்று அஞ்சினோம். அவரோ, “எந்த ஊர்ப் பிள்ளைகள்?” என்று கேட்டார். வியாசர்பாடி என்றோம். அவர் எழுந்து பின் வரிசைக்கு வந்து இரு சிறுமியரின் நடுவில் அமர்ந்தார்; பாட்டுத் தொடங்கியதும் தம் தொடையில் தாளம் போட்டுக் காட்டினார். நான்கு வெள்ளிக்கிழமைகளின் பயன் அப்போது தெரிந்தது. வரிசை முழுவதும் சிறு கைகள் எழுந்து தாழ்ந்தன.

பின்னர் தனி ஆவர்த்தனம் வந்தது. பாடகியும் வயலின் வாசித்தவரும் வாத்தியங்களுக்கு வழிவிட்டு ஓய்ந்தனர். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசின. மானாமதுரை மண்ணால் ஆன வெறும் பானையா இப்படிப் பேசுகிறது என்று சிறியவர்கள் வாய் பிளந்தனர். தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். நாம் பார்த்தது மேடையை அன்று. அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை. அவன் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தான். அவன் விரல்கள் முழங்காலின் மேல் ஓசையின்றி அடித்துக்கொண்டிருந்தன. முத்தாய்ப்பு வந்து எடுப்பில் சேர்ந்த நொடியில், அவன் கையும் சரியாக அங்கே வந்து நின்றது. அவையோர் கைதட்டினர். அவன் தட்டவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறுதிப் பகுதியில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திலிருந்து ஒரு பாட்டைப் பாடகி பாடினார். பாரதியார் மாயூரத்து வேதநாயகம் பிள்ளையின் காலத்தவர், அவரோடு பழகியவர். கோயிலுக்குள் செல்லும் உரிமையற்ற ஓர் ஏழைத் தொழிலாளி வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்க ஏங்குகிறான். எதிரே உள்ள நந்தியோ பார்வையை மறைக்கிறது. பொருள் புரிந்தமையால் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். சொல் விளங்கினால் இசையும் விளங்கத் தொடங்கும் என்னும் தமிழிசை முன்னோரின் கருத்து எவ்வளவு உண்மை!

திரும்பும் வழியில் சென்ட்ரல் அருகே தேநீரும் பன்னும் வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பையன் நம் பக்கத்தில் வந்து நின்றான். “நாங்க அடிக்கிறதத்தான் ஃபாதர் அவரும் அடிக்கிறாரு. ஆனா நாங்க ஒரே மூச்சுல கொட்டிடுவோம். அவரு அதப் பிரிச்சுப் பிரிச்சு வெச்சுக் கடைசியில சேக்கறாரு” என்றான். ஒரு தேர்ந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார். பிறகு, “அது என்ன தோலு?” என்று கேட்டான். பலா மரத்தைக் குடைந்து மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் போர்த்தி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டுவார்கள் என்றோம். “அப்ப அதை யாரு செய்யறாங்க?” என்றான்.

இக்கேள்விக்குரிய விடையை 2020இல் வெளிவந்த ஒரு நூல் விரிவாகத் தருகிறது. பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்னும் அந்நூல் மிருதங்கம் செய்வோரின் வரலாறு. அவர்களுள் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களை உருவாக்கிய தஞ்சையின் பர்லாந்து அத்தகைய குடும்பத்தவரே. தோலைத் தேர்வதும், பதப்படுத்துவதும், ஒலி சுருதியோடு சேரும் வரை தட்டித் தட்டிப் பார்ப்பதும் எளிய வேலையன்று; கூரிய செவியும் நெடும் பயிற்சியும் வேண்டும். நம் கோயில்களில் ஞானஸ்நானம் பெற்ற மக்களின் கைகளிலிருந்தே அந்த நாதம் பிறந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அவன், “மேடையில அவங்க பேரச் சொல்வாங்களா ஃபாதர்?” என்று கேட்டான். சொல்லும் வழக்கம் இல்லை என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை.

வண்டியில் ஏறிய பின் அந்த எட்டாம் வகுப்புச் சிறுமி தொடங்கினாள். “நந்தனாரை ஏன் உள்ளே விடல?” தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்ததனால் என்றோம். “இப்ப விடுவாங்களா?” சட்டப்படி ஒருவரும் தடுக்க முடியாது என்றோம். “நம்ம கோயில்ல எல்லாரையும் விடுவாங்கல்ல?” என்றாள். எல்லாரும் வரலாம் என்பது உண்மை. ஆனால் தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவர்களாகிய நம்மவரே தனி இருக்கையும் தனிக் கல்லறையும் வகுத்திருந்தார்கள் என்பதும், அவ்வழக்கம் எல்லா இடத்திலும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மையே. அதையும் மறைக்காமல் சொன்னோம். கேள்வி கேட்கும் குழந்தைக்குப் பாதி விடை கொடுப்பது அறமன்று. மறுபடியும் பேசின் பிரிட்ஜ் வந்தது. இருட்டில் பெட்டிகள் தெரியவில்லை.

மார்க் வருமா என்று கேட்ட அந்தத் தந்தைக்கு என்ன விடை? மதிப்பெண் ஏறியதாக நாம் சொல்ல முடியாது. அவர் இன்றும் நம்மை வழியில் கண்டால், “மார்க் வந்துச்சா ஃபாதர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். தூக்கம் வந்தது, இனி வரமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்ன பிள்ளைகளும் உண்டு. அதிலும் நமக்கு மகிழ்ச்சியே. பிடிக்கவில்லை என்று சொல்வதற்குக்கூட முதலில் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? பணக்காரர் பாட்டு என்று மட்டும் இப்போது ஒருவரும் சொல்வதில்லை. அந்தப் பையன் இன்னும் ஊர்வலங்களுக்குச் செல்கிறான். வீட்டின் தேவை அப்படி. ஆனால் படிப்பை நிறுத்தவில்லை. வராத நாளுக்கு மறுநாள் வந்து, “நேத்து மேளத்துக்குப் போயிருந்தேன் ஃபாதர்” என்று வகுப்பார் கேட்கச் சொல்கிறான். முன்பு காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். வெள்ளிக்கிழமைகளில் சிறியவர்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுப்பவனும் இப்போது அவனே.

இசை கேட்பதால் வந்த பயன் எது என்று கேட்டால் இதையே சொல்வோம். தன் கையில் இருப்பதும் ஒரு கலை என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டான். அதை அவன் கண்டுகொள்ளத் தன் தெருவை விட்டு ஐந்தாறு கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது.

இப்பயணம் ஒருவழிப் பாதையாகவும் இருந்துவிடக் கூடாது. வியாசர்பாடியும் இராயபுரமும் சேர்ந்த இந்தப் பகுதி கானாப் பாட்டு வளர்ந்த மண். இறந்தோர் வீட்டில் விடிய விடியப் பாடி, துயருற்றோருக்குத் துணையிருந்த பாட்டு அது. 2018இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் அதைப் பெருமேடைக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவிலேயே செவ்விசை வாணர்கள் வந்து பாடிய விழா தொடங்கியது. மேடை மக்களிடம் வர முடியும் என்பதற்கு அது சான்று. மணலிக்கும் திருவொற்றியூருக்கும் ஒருகாலத்தில் வந்த இசை, எங்கள் பள்ளி முற்றத்துக்கும் ஒரு மாலை வரலாம். ஒலிபெருக்கியும் பாயும் நாங்கள் தருவோம். தாளம் போடப் பிள்ளைகள் தயார்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் பங்கிலும் மாலை வகுப்பு இருக்கும். அல்லது உங்கள் தெருவிலேயே நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு மாலை அவர்களை ஒரு நல்ல கச்சேரிக்கு அழைத்துச் செல்லுங்கள். செலவு மிகுதியன்று, எங்களுக்கு இரயில் கட்டணமும் இருபத்தைந்து பன்னும் தேநீருமே ஆயிற்று. போகுமுன் தாளம் சொல்லிக் கொடுங்கள். போன இடத்தில் அவர்களோடு ஒரே வரிசையில் அமருங்கள். எங்களுக்கு வாய்த்த அந்த மூதாட்டியைப் போல, அரங்கில் முன்னரே அமர்ந்திருப்பவர் நீங்களானால், பின்னால் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். புதிதாக வந்த பிள்ளை எவரேனும் இருந்தால் பக்கத்தில் இடம் கொடுங்கள்.